மூன்று நிமிட மணி

ஒரு நாட்டின் பெரிய சபையில் வெண்கல மணி ஒன்று இருந்தது. சபாநாயகரின் மேசைதான் அதன் இடம். பேசுகிறவரின் நேரம் முடிந்ததும் சபாநாயகர் எடுத்து அசைக்க, அது ஒலிக்கும். எப்பேர்ப்பட்ட தலைவரும் உட்கார்ந்தாக வேண்டும். அதனால் மணிக்குக் கொஞ்சம் தலைக்கனம். கடைசி வரிசையில் இருந்த ஒரு மைக் மட்டும்தான் அதோடு பேச்சு வைத்துக்கொள்ளும்.

ஒரு தேர்தலுக்குப் பிறகு அந்தக் கடைசி வரிசைக்குச் செண்பகவடிவு வந்தார். உப்பளத்தில் வேலை செய்து, சங்கம் நடத்தி, ஜெயித்து வந்தவர். முதல் பேச்சுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். சபாநாயகருக்கு வணக்கம் சொன்னார். அமைச்சர்களுக்கு, கட்சித் தலைவருக்கு, ஓட்டுப் போட்டவர்களுக்கு என்று வரிசையாகச் சொல்லி முடித்து விஷயத்துக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது.

“வந்த காரியத்தைச் சொல்ல விடலியே, மணியண்ணே” என்றது மைக்.

“நேரம்னா நேரம்தான்” என்றது மணி.

அடுத்த முறை அவர் வணக்கமே சொல்லவில்லை.

“உப்பளத்துப் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடமில்லை. கழிப்பறையும் நிழலும் கட்டாயம் என்று சட்டம் வேண்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சம். மணிக்கு வேலையே இல்லை. இதையெல்லாமா சபையில் பேசுவது என்று சிலர் சிரித்தார்கள். பரிசீலிப்பதாக அமைச்சர் சொன்னார்.

அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து அதையே கேட்டார். அமைச்சர்கள் மாறினார்கள், எல்லோரும் பரிசீலித்தார்கள். அவர் எழுந்தாலே ஓர் அமைச்சர் கோப்பு ஒன்றை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். இந்தப் பேச்சை விட்டால் துணை அமைச்சராக்குவதாகக் கட்சியில் ஆசை காட்டினார்கள். உப்பளம் வருகிற துறையையே தருவீர்களா என்று கேட்டார். அதோடு பதவிப் பேச்சு நின்றது.

பிறகு ஒரு தேர்தலில் எழுநூறு ஓட்டில் தோற்றார்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மணி மெதுவாகக் கேட்டது: “அந்த அம்மா எங்கப்பா?”

தோற்ற செய்தியை மைக் சொன்னது. அந்த ஐந்து வருடமும் மணி கடமைக்கு ஒலித்தது.

செண்பகவடிவு சும்மா இருக்கவில்லை. நாட்டின் கடற்கரை முழுக்க உப்பளம் உப்பளமாகப் போய், அங்கிருந்த பெண்களைத் அவரவர் தொகுதி உறுப்பினர்களிடம் அனுப்பினார். மறுபடி ஜெயித்து, நரைத்த தலையும் கண்ணாடியுமாகச் சபைக்கு வந்து எழுந்தபோது, அவரோடு பதினோரு தொகுதிகளின் உறுப்பினர்களும் எழுந்து நின்றார்கள். கோப்பை விரிக்க அமைச்சருக்கு நேரமில்லை.

அவர் முதன்முதலில் சபைக்கு வந்ததிலிருந்து இருபத்து மூன்றாம் வருடத்தில் சட்டம் நிறைவேறியது. முடிவை அறிவித்ததும் யாரும் தொடாமலே மணி கணகணவென்று ஒலித்தது. சபாநாயகர் திடுக்கிட்டு அதைப் பிடித்து நிறுத்தினார்.

அடுத்த சபை செண்பகவடிவையே சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. அவர் வந்து அமர்ந்ததும் மணிக்கு உடம்பு கூசியது.

“அம்மா, உங்க முதல் பேச்சை நான்தான் கெடுத்தேன்” என்றது.

அவர் சிரித்துவிட்டார். “நீ அன்னைக்கு அடிக்கலைன்னா நான் இன்னும் வணக்கம் சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன்.”

அன்றே மலைத்தொகுதியிலிருந்து வந்த ஓர் இளம் உறுப்பினர் எழுந்தாள். அவள் ஊரில் பிரசவ வலி வந்த பெண்களைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறார்கள், பாலம் வேண்டும். ஆற்றையும் மழையையும் விவரித்தவள் பாலத்துக்கு வருவதற்குள் மூன்று நிமிடம் ஓடிவிட்டது. மணிக்கு நாக்கு எழவில்லை. ஒரு தடவை விட்டுவிடலாம் என்று அது கெஞ்சியது. செண்பகவடிவு அதை எடுத்து அசைத்தார். சபைக்கே கேட்டது.

அந்தப் பெண் முகம் வாடி உட்கார்ந்தாள். செண்பகவடிவு கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.

“உறுப்பினரின் நேரம் முடிந்தது” என்றார். “நாளைக்கு முதல் பெயர் உங்களுடையது. பாலத்திலிருந்து ஆரம்பியுங்கள்.”