இரண்டாம் முறை வாசித்தது

கனடாவின் சமவெளியில் ஒரு சிறிய ஊர். அங்கே மிச்சியோ ஹோவாஷி கோட்டோ கற்றுக்கொடுத்து வந்தார். கோட்டோ ஜப்பானிய வாத்தியம். ஆறடி நீள மரம், பதின்மூன்று தந்திகள், ஒவ்வொன்றின் கீழும் அதைத் தாங்கும் ஒரு குதிரைக்கட்டை. அந்த ஊரிலிருந்து நாள் முழுக்கக் காரோட்டினாலும் அதை வாசிக்கத் தெரிந்த இன்னொருவர் கிடையாது.

பத்தொன்பது வருடங்களில் பதினொரு பேர் அவரிடம் சேர்ந்தார்கள். வேலை, கல்யாணம், முழங்கால் வலி என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர் பரராஜசிங்கம். வல்வெட்டித்துறையில் பிறந்தவர். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் குருவை அழைக்கும் ஜப்பானியச் சொல்லால் “சென்செய்” என்றுதான் கூப்பிடுவார். அவருடைய முழுப்பெயர் சென்செய்யின் வாயில் நுழையவில்லை. சுருக்கி, மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்து, “பரா-சான்” என்பார்.

ஊரில் வருடத்துக்கு ஒரு கலைவிழா நடக்கும். சென்செய்க்கு இருந்த ஒரே மேடை அதுதான்.

அந்தப் பிப்ரவரி விழாவில் வாசித்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் பகுதியில் நிறுத்தினார். சபையைப் பார்த்துத் தலை வணங்கினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலர் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்து ஆட வேண்டியவர்கள் மேடை ஓரத்தில் நெளிந்தார்கள். முடிந்தபோது பத்துப் பேர் கைதட்டினார்கள். விழாவை நடத்திய பெண்மணி சிரித்த முகமாகவே சொன்னார்:

“அடுத்த வருடம் புதியவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.”

சென்செய் நன்றி சொன்னார்.

கோட்டோவைக் காரில் நீளவாக்கில் படுக்கவைத்தால் அதன் தலை முன்னிருக்கைகளுக்கு நடுவே வந்துவிடும். வீடு திரும்பும்போது ஓட்டுகிற பக்கம் பரராஜசிங்கம், அந்தப் பக்கம் சென்செய். பட்டப்பகலிலும் பனியைத் தவிர வெளியே எதுவும் தெரியவில்லை.

ரயில் கடவை வரைக்கும் பரராஜசிங்கம் பொறுத்துக்கொண்டார்.

“எட்டாவது தந்தி, அழுத்தியது போதவில்லை, சுரம் ஏறவில்லை. அதனால்தானே நிறுத்தினீர்கள், சென்செய்?”

“அதனால்தான்.”

“அங்கே ஒருவருக்கும் தெரியாது.”

“தெரியாது.”

“நிறுத்தாமல் அப்படியே வாசித்துக்கொண்டு போயிருக்கலாமே. இருந்த ஒரு மேடையும் போய்விட்டது.”

“ஜப்பானில் என்றால் போயிருப்பேன்.”

பரராஜசிங்கம் வேகத்தைக் குறைத்தார். “அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடுமே?”

“ஆமாம். மேடையைவிட்டு இறங்கியதும் நான்கு பேர் பிடித்துக்கொண்டு பிழையைச் சொல்வார்கள். வெட்கமாக இருக்கும். அதோடு தீர்ந்தது.” சென்செய் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தார். “இங்கே விட்டேன் என்றால், செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்தப் பிழையைத்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.”

சென்செய் அவர் பக்கம் திரும்பினார்.

“பரா-சான், இரண்டாம் முறை வாசித்தது சரியாக இருந்ததா?”

குருவிடம் குறை சொல்லி வளர்ந்தவரல்ல பரராஜசிங்கம். இன்றைக்கு சென்செய் இழந்தது போதாதா என்றும் இருந்தது.

“நன்றாக இருந்தது.”

“நன்றாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.”

பரராஜசிங்கம் காரை ஓரமாக நிறுத்தினார்.

“ஐந்தாம் பகுதி, கடைசிக்கு முந்தின வரி. அங்கேயும் சுரம் இறங்கித்தான் நின்றது. இன்றைக்கு மட்டும் இல்லை, சென்செய். நான் வந்து சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் வாசிக்கிறீர்கள். கேட்டுப் பழகச் சொல்லி உங்கள் குரு வாசித்த ஒலிநாடாவைக் கொடுத்தீர்களே, அதில் வேறு மாதிரி இருக்கிறது. என் காதில்தான் பிசகு என்று நினைத்திருந்தேன்.”

“பாடிக் காட்டுங்கள்.”

கோட்டோ படிக்கிறவர்கள் ஒவ்வொரு தந்தியின் ஒலியையும் வாயால் சொல்லிப் பழகுவார்கள். பரராஜசிங்கம் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். “தோன், தென், தோன், கோரோரின்...” சலவைக்கூட இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திக் கெட்டுப்போன குரல். ஒலிநாடாவில் ஏறுகிற இடத்தில் அதுவும் ஏறியது.

சென்செய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மடியில் அவர் விரல்கள் அசைந்தன. அந்த வரி வந்ததும் நின்றன.

கண்ணாடியைப் பனி மெல்ல மூடியது.

“என் குரு இறந்து பதினேழு வருடம் ஆகிறது” என்றார் சென்செய். “அதற்குப் பிறகு யாரும் என்னைத் திருத்தியதில்லை.”

“மன்னிக்க வேண்டும், சென்செய். நான் சொல்லியிருக்கக் கூடாது.”

சென்செய் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தார். நடுவே கிடந்த கோட்டோவின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, வகுப்புத் தொடங்கும்போது மாணவர் குருவை வணங்குவதுபோல நெற்றி கைகளைத் தொடும்வரை குனிந்தார். பரராஜசிங்கம் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார் சென்செய், தலையை நிமிர்த்தாமலே. “மெதுவாக. நான் பின்னால் சொல்லிக்கொண்டு வருகிறேன்.”