இருவாச்சிக்குக் கிடைத்த தூரத்து மரம்

ஒரு காட்டில் எதிரெதிரே இரண்டு மலைச்சரிவுகள். கிழக்குச் சரிவில் பெரிய அத்தி மரம் ஒன்று. மேற்குச் சரிவில் பெரிய ஆலமரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்கு. அதில் எந்நேரமும் காற்று உறுமிக்கொண்டே இருக்கும்.

அத்தி மரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மரப்பொந்தில் பொன்னலகன் என்ற இருவாச்சியின் குடும்பம் இருந்தது. இருவாச்சி தெரியும்தானே பிள்ளைகளே? முட்டை வைக்கும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே அதன் சிறகெல்லாம் உதிர்ந்துபோகும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு.

அந்த வருஷம் பொந்துக்குள் இருந்தவள் வெண்சிறகி. கூடவே, பொரிந்து நாலே நாளான ஒரு குஞ்சு. பொன்னலகன் இன்னும் அதன் முகத்தைப் பார்த்ததில்லை. கீறல் வழியே வரும் 'கீச் கீச்' சத்தம்தான் அவனுக்குப் பிள்ளை.

அந்த நேரம் பார்த்துக் காட்டில் அடிதடி வந்தது. அத்தி மரத்தில் ஒரு கிளைக்கு ஏழு பேர் மல்லுக்கட்டினார்கள். எதிர்ச் சரிவில் ஆலம்பழம் தின்ன ஆளில்லாமல் அழுகி விழுந்தது. எல்லாருமாகப் போய்க் காட்டுக்குப் பெரியவரான கருமந்தியிடம் முறையிட்டார்கள்.

கருமந்திக்கு ஒழுங்கு என்றால் உயிர். காட்டிலேயே உயரமான மரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து பார்த்தால் இரண்டு சரிவும் அடுத்தடுத்த வீடு மாதிரி தெரியும்.

"இனி தினமும் காலையில் நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். எந்தக் கிளை காலியோ, அங்கே போக வேண்டியது. எந்த மரத்திலும் நெரிசல் கூடாது. எந்தக் கிளையும் சும்மா கிடக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!" என்றது காடு.

"பொன்னலகா, நீ ஆலமரத்துக்கு. சடைவாலி, நீ அத்திக்கு."

சடைவாலி ஒரு மலையணில். வாய்த்துடுக்கு. அதன் கூடே ஆலமரத்தில்தான். "நல்ல கூத்து! படுத்து எழுந்த மரத்தை விட்டுட்டு, பள்ளத்தாக்கைச் சுத்திக்கிட்டு நான் இங்கே வரணுமாம்" என்று முனகியது. ஆனாலும் அதற்கு வயிறு ஒன்று. எந்த மரத்தில் தின்றால் என்ன?

பொன்னலகனுக்கு வயிறு மூன்று.

முன்பெல்லாம் உச்சிவெயிலுக்குள் பத்து நடை போய்வருவான். இப்போது தொண்டை நிறையப் பழத்தோடு காற்றை எதிர்த்துப் பள்ளத்தாக்கைக் கடந்தால், பொழுது சாய்வதற்குள் இரண்டு நடைதான் முடிந்தது.

"ஏங்க, இன்னைக்கு இவ்வளவுதானா?" என்று கேட்டாள் வெண்சிறகி.

"தூரத்து மரம், புள்ள. நாளைக்கு மாறிடும்."

மாறவில்லை. காலையில் கருமந்தி எண்ணிப் பார்த்தால் ஆலமரத்தில்தான் கிளை காலி. மறுபடியும் அவன் பேர்தான் வந்தது.

மூன்றாம் நாள் 'கீச்' சத்தம் இறங்கிப்போயிருந்தது. பொன்னலகன் மனசைத் திடப்படுத்திக்கொண்டு உச்சி மரத்துக்குப் போனான்.

"மந்தியாரே, அத்தி மரத்தில் எனக்கு ஒரு கிளை..."

"ஏன், ஆலமரத்தில் பழம் இல்லையா?"

"இருக்கு."

"உட்கார இடம் இல்லையா?"

"இருக்கு."

"உன் வயிறு நிறையுதா, இல்லையா?"

"நிறையுது. ஆனா..."

"அப்புறம் என்ன ஆனா? காடே சண்டையில்லாம இருக்கு. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

பொன்னலகன் சாதுவானவன். மீதிச் சொல்லை விழுங்கிவிட்டு இறங்கி வந்தான். கீழே சடைவாலி காத்திருந்தது.

"முழ நீளத்துக்கு அலகு வெச்சிருக்கே, அதிலேருந்து ஒரு வார்த்தை வெளியே வரலையே! உள்ளே ரெண்டு பேர் அடைபட்டுக் கிடக்காங்கன்னு சொல்றதுதானே?"

"பெரியவர் பார்த்துச் செய்வார்."

"அவர் கிளையைப் பார்க்கிறார். உன் பொந்தை எங்கே பார்க்கிறார்? சரி, விடு. நாமளே மாத்திக்குவோம். நீ அத்திக்குப் போ. நான் என் மரத்துக்குப் போறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

பொன்னலகன் ஒரு கணம் பொந்தைப் பார்த்தான். "வேண்டாம். போட்ட ஒழுங்கை மீறினால் நல்லாயிருக்காது" என்று சொல்லிவிட்டு ஆலமரத்துக்கே பறந்தான்.

ஐந்தாம் நாள் சூறைக்காற்று. தொண்டை நிறையப் பழத்தோடு மூன்று முறை கிளம்பினான். மூன்று முறையும் காற்று அவனைத் தூக்கி ஆலமரத்திலேயே எறிந்தது. விடிந்து காற்று ஓய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தான்.

கீறலில் பழத்தை நீட்டினான். வெண்சிறகியின் அலகு மெதுவாக வந்து வாங்கிக்கொண்டது. எப்போதும் முதல் பழத்தை வாங்கியதும் உள்ளே திரும்புவாள். இன்று திரும்பவில்லை.

"குஞ்சுக்குக் குடு, புள்ள."

உள்ளே சத்தமே இல்லை.

"இனிமே ஒருத்திக்குக் கொண்டுவந்தாப் போதுங்க" என்றாள் வெண்சிறகி.

சடைவாலி ஓடிப்போய்ச் சொல்ல, கருமந்தி முதல்முறையாக உச்சியிலிருந்து இறங்கியது. பொந்தின் பக்கத்தில் நின்று ஆலமரத்தைப் பார்த்தது. நடுவே பள்ளத்தாக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"இவ்வளவு தூரமா? மேலேயிருந்து தெரியலையே. நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா, பொன்னலகா?"

பொன்னலகன் கீறலில் அடுத்த பழத்தை நீட்டிக்கொண்டிருந்தான். சடைவாலிதான் சொன்னது, இந்த முறை கேலி இல்லாமல்: "எங்க ரெண்டு பேரையும் இடம் மாத்தியிருந்தாப் போதும், மந்தியாரே. அத்தியிலும் அதே தலைக்கணக்குதான், ஆலிலும் அதே தலைக்கணக்குதான். ஒரு கிளையிலும் நெரிசல் கூடியிருக்காது."

மறுநாள் காலை கருமந்தி கிளையை எண்ணவில்லை. ஒவ்வொருவரிடமும் முதலில், "உன் கூடு எங்கே?" என்று கேட்டது. அதன் பிறகுதான் மரத்தைச் சொன்னது. நாள் முழுக்க இழுத்த இரை தேடும் வேலையெல்லாம் உச்சிவெயிலுக்குள் முடிந்தது. காடு மந்தியைப் புகழ்ந்தது.

பொன்னலகனுக்கு அத்தி மரத்தில், பொந்தைப் பார்த்தபடி ஒரு கிளை கிடைத்தது. அன்று பத்து நடையும் போய்வந்தான். பழகிய தொண்டை, ஒவ்வொரு நடையும் இரண்டு பேருக்கே நிரப்பிக்கொண்டு வந்தது. வெண்சிறகி தன் பங்கை வாங்கிக்கொண்டாள். மீதிப் பழத்தைக் கீறலில் பிடித்தபடி அவன் கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு அது நழுவி மரத்தடியில் விழும். சாயங்காலம் அங்கே அத்திப்பழம் குவிந்து கிடந்தது.

நீதி: வேலையைப் பங்கிடுகிறவர், எந்த இடம் காலி என்று பார்க்கும் முன், அவரவர் கூடு எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்; கூட்டில் உயிர் காத்திருக்கிறவர், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.