அரசன் தன் தோள்களைப் பார்த்துக்கொண்ட கதை

பொருநை ஆற்றுக்குத் தெற்கே, முன்னொரு காலத்தில், செண்பகராயன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் இட்ட ஆணையை மாலையில் மாற்றாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவன் வலப்பக்கத்து இருக்கை அமைச்சர் நம்பிக்கூத்தருடையது. அந்த இருக்கையின்மேல் கண்வைத்திருந்தவர் கருவூல அதிகாரி மல்லப்பர்.

அரசனைத் தம் பக்கம் இழுக்க மல்லப்பர் ஒரு வழி கண்டார். ஆடையற்ற பெண்களையும் அவர்களுடைய கூடலையும் தீட்டிய படங்களைச் சந்தனப் பெட்டியில் அடுக்கிக் காணிக்கையாகக் கொடுத்தார். அரசனுக்கு அந்தப் பெட்டி இல்லாமல் பொழுது போகாது என்றாயிற்று. ஓராண்டுக்குள் அதே ஓவியர்கள் மேலவீதியில் அத்தகைய படங்களைக் காட்டும் ஒரு படமாடமே திறந்துவிட்டார்கள். ஊர் இளைஞர்கள் அங்கே முண்டியடித்தார்கள்.

இந்த நிலையில்தான் நெசவாளர் தெருவிலிருந்து வேலம்மை என்ற இளம்பெண் அவைக்கு வழக்கோடு வந்தாள். கணவன் சடையன் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

"இவளிடம் என்ன குற்றம் கண்டாய்?" என்று அரசன் கேட்டான்.

சடையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "குற்றம் ஒன்றுமில்லை, அரசே. படத்தில் இருக்கும் பெண்களைப்போல இவள் இல்லை."

"எந்தப் படத்தில்?"

"மேலவீதிப் படத்தில்."

அவை சிரித்தது. வேலம்மை சிரிக்கவில்லை.

"தறியில் உட்கார்ந்து வேலை செய்கிற இடுப்பு என் இடுப்பு. அந்தப் படத்துப் பெண்ணுக்கு இடுப்பே கிடையாது, அரசே. அவள் ஒரு குடம் தண்ணீர் தூக்குவாளா? எனக்கு என்ன குறை என்று தெருவே கேட்கிறது. இருந்தால் இவர் இங்கேயே சொல்லட்டும். இல்லையென்றால் என்னை வீட்டுக்கு அழைக்கட்டும்."

நம்பிக்கூத்தர் எழுந்தார். "அரசே, குற்றம் மேலவீதியில் இருக்கிறது. அந்த மாடத்தை மூடுங்கள்."

"அமைச்சர் வண்ணத்தைக் கண்டு நடுங்குகிறார்," என்றார் மல்லப்பர். "படம் யாரையாவது கடித்ததா? பிடித்தவன் பார்க்கிறான், பிடிக்காதவன் வேறு தெருவில் போகட்டும். பார்த்தவர்கள் எல்லாரும் மனைவியை விரட்டிவிட்டார்களா, என்ன?"

"இல்லை. விரட்டாதவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் வழக்குத் தொடுப்பதில்லை, மல்லப்பரே."

"அரசரும்தான் பார்க்கிறார். அவர் மனம் கெட்டுவிட்டது என்கிறீரா?"

அரசனுக்குக் காது சுட்டது. "அமைச்சரே, முழுநிலாவுக்குள் தீங்கை மெய்ப்பித்துக் காட்டும். இல்லையேல் இவள் தாய்வீட்டிலேயே இருக்கட்டும். உம் இருக்கை மல்லப்பருக்கு."

நம்பிக்கூத்தர் வணங்கினார். "ஒரேயோர் அனுமதி வேண்டும். அதே ஓவியர்களைக்கொண்டு ஆண்களின் படங்கள் சில தீட்டி அந்தப்புரத்துக்கு அனுப்ப விரும்புகிறேன்."

"வண்ணம்தானே? தாராளமாக," என்று மல்லப்பர் முந்திக்கொண்டார். அரசனுக்குத் தலையாட்டுவதைத் தவிர வழி இருக்கவில்லை.

படங்கள் போயின. மலைபோன்ற தோள்கள்; கதவுபோன்ற மார்பு; முழங்காலைத் தொடும் கைகள். உடை விஷயத்தில் ஓவியர்கள் மிகச் சிக்கனமாக இருந்தார்கள்.

ஒரு மாலை அரசன் அந்தப்புரத்துக்குள் நுழைந்தபோது, அரசி திருவுடையாளின் பார்வை அவன் தோளில் தயங்கி நின்றது.

"என்ன பார்க்கிறாய்?"

"ஒன்றுமில்லை, சுவாமி."

அந்த 'ஒன்றுமில்லை' மீன்முள்ளைப்போல அவன் தொண்டையில் தைத்தது. மறுநாள் கண்ணாடிமுன் நின்று கைகளைத் தொங்கவிட்டான். விரல்கள் பாதித் தொடையிலேயே நின்றுவிட்டன. அரண்மனை மல்லனை அழைத்து, கையை நீளச்செய்ய வழியுண்டா என்று விசாரித்தான். "இருக்கும் கையைப் பருக்கவைக்கலாம், அரசே, நீட்டுவதற்கில்லை," என்றான் மல்லன். அரசன் நெய்யை விட்டான். தையற்காரனிடம் சொல்லி அங்கியின் தோளில் பஞ்சு வைக்கச்செய்தான். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டே தீர்ப்பு வழங்கினான். பேசினால் வயிறு வெளியே வந்துவிடும் என்பதால் தீர்ப்புகள் மிகச் சுருக்கமாக இருந்தன.

முழுநிலாவுக்கு முன்பே அவன் பொறுமை இழந்தான். "அமைச்சரே, அந்தப் படங்களை உடனே எடுத்துவிடும்."

"ஏன், அரசே? யாரையாவது கடித்தனவா?"

அரசன் அவையைப் பார்த்தான். பிறகு அருகில் இருந்த அரசியைப் பார்த்தான். "என்னைக் கடித்தன," என்றான் மெல்ல. "இவள் கண்ணில் நான் குறைந்துபோனேன்."

திருவுடையாள் எழுந்தாள். "அமைச்சர் எதற்காக அனுப்பினார் என்று அறிந்தேதான் பார்த்தேன். முதலில் தோழியரோடு சேர்ந்து சிரித்தேன். பிறகு தனியாகப் பார்த்தேன். ஒரு மாலை நீங்கள் உள்ளே வந்தபோது, என் கண் முகத்தை விட்டுவிட்டுத் தோளுக்குப் போயிற்று. எனக்கே அச்சமாக இருந்தது. சென்ற வெள்ளிக்கிழமையே படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்."

"வெள்ளிக்கிழமையேவா?" அரசனின் மூச்சும் வயிறும் ஒன்றாக வெளியே வந்தன. தோளிலிருந்து ஓர் ஆளே இறங்கிப்போனதுபோல உடம்பு இலேசாயிற்று.

"எனக்குச் சில நாள் பழக்கம்," என்றாள் அரசி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "உங்களுக்கு ஓராண்டு."

அரசன் அவையை நோக்கித் திரும்பி, "படமாடத்தை மூடுங்கள்; என் பெட்டியையும் எரியுங்கள். ஓவியர்களுக்குச் சத்திரத்துச் சுவர்களில் வேலை கொடுங்கள்," என்றான். "மல்லப்பரே, அந்த ஆண்களின் படங்கள் வீணாகக் கிடக்கின்றன. வண்ணம்தானே? உம் வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

தமக்கு முன்னே தம் வயிறு நடக்கும் தோற்றம் மல்லப்பருக்கு. "வேண்டாம், அரசே," என்றார். அவர் எதற்கும் அவ்வளவு விரைவாக விடை சொன்னதில்லை. நம்பிக்கூத்தரின் இருக்கைக்குப் பக்கத்தில் இருந்தவர், அன்றுமுதல் கடைசி வரிசைக்குப் போனார். அமைச்சருக்கு முத்துமாலை கிடைத்தது.

சடையனையும் வேலம்மையையும் அவைக்கு வரவழைத்தார்கள். "சடையா, மனைவியை அழைத்துப்போ," என்றான் அரசன்.

"அவளைக் கேட்டுவிட்டு ஆணையிடலாம்," என்றார் நம்பிக்கூத்தர்.

வேலம்மை சொன்னாள்: "குறை தம் கண்ணில்தான் இருந்தது என்று இவர் எங்கள் தெருவில் நின்று சொல்லட்டும். நான் பின்னாலேயே வருகிறேன்."

சடையன் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "சொல்கிறேன்," என்றான். அவள் தோள்கள் தளர்ந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவை கலைந்தது. அரசனும் திரும்பினான்; அரசியின் மூக்கில் ஒரு நீலக்கல் ஒளிர்ந்தது.

"மூக்குத்தி புதிதா? எப்போது மாற்றினாய்?"

"தைப்பொங்கலுக்கு."

அப்போது நடந்துகொண்டிருந்தது ஐப்பசி. அரசன் தலைகுனிந்தான்.

"அழகாக இருக்கிறதா என்று சொல்லவில்லையே," என்றாள் திருவுடையாள். அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவன் தலை நிமிர்ந்தான்.