புதுச் சாவி

வண்டியின் மின்வேலை என்றால் புதுப்பேட்டையில் ரஹீமாவைத்தான் கைகாட்டுவார்கள். சீடர் ஏகாம்பரம் வயதில் அவரைவிட ரொம்ப மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்.

மழைத்தண்ணீர் புகுந்து ஏகாம்பரத்தின் காரில் இன்ஜின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. பிரித்துப்போட்ட வேறொரு காரிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார். ரஹீமா அதன் நம்பரைச் சரிபார்த்து மாட்டினார். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. வேற்றுச் சாவியென்றால் எரியும் பூட்டு விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்தது.

"ஏமாத்திட்டான் மாஸ்டர். திருப்பிக் குடுத்துடறேன்."

"இது வேற வண்டில இருந்ததுண்ணே. உங்க சாவி அதுக்குப் புதுசு. சாவிய ஆன்ல வெச்சிட்டு சும்மா உக்காருங்க. பழகினதும் விளக்கு தானா அணையும்."

சும்மா உட்காருவதுதான் மனுஷருக்கு வராதே! பொறுக்காமல் மறுபடி திருப்பினார். ஸ்டார்ட் ஆகவில்லை.

"போச்சு. முதல்லேர்ந்து காத்திருக்கணும்" என்று சிரித்தார் ரஹீமா.

"பழசெல்லாத்தையும் அதுலேர்ந்து அழிச்சிட முடியாதா?"

"அழிச்சா இன்ஜின ஓட்டவே அதுக்குத் தெரியாது."

ஏகாம்பரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"வண்டி கெளம்பினா வீட்டுக்குப் போகாம அப்படியே ஊருக்கே போயிடப்போறேன் மாஸ்டர்."

போன தையில்தான் அவர் சரோஜினியைக் கட்டிக்கொண்டார். புருஷனை இழந்தவள். காலேஜில் படிக்கும் மகள் ஒருத்தி உண்டு.

"சரோஜினி என்ன பண்ணா?"

"அவ தங்கம். பொண்ணுதான் என்னை ஏத்துக்கல. அவங்கப்பா வாங்கியாந்த அதே கடை அல்வாவத் தேடிப் புடிச்சி வாங்கிட்டுப் போனேன். தொடக்கூட இல்ல."

"நீங்க ஏன் அவங்கப்பா மாதிரி வாங்கினீங்க?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். பாவமாக இருந்தது அவரைப் பார்க்க.

விளக்கு அணைந்தது.

"இப்பத் திருப்புங்க."

இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஏகாம்பரத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. கியரில் கை வைத்தவர், எடுத்துவிட்டார்.

"மெஷின் பழகிடுச்சு மாஸ்டர். அந்தப் பொண்ணு பழகுவாளா? வீட்டுக்குப் போனா கதவத் திறக்கறா. மூஞ்சியக்கூடப் பாக்காம திரும்பி உள்ள போயிடறா."

ரஹீமா கையைத் துடைத்துக்கொண்டார்.

"முன்பின் தெரியாத ஆம்பளைக்குக் கதவத் திறந்துட்டு, எந்தப் பொண்ணுண்ணே முதுகக் காட்டிக்கிட்டு உள்ள போவா?"