காற்றுப் பாடத்துக்குத் தீனி இல்லை

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் நாரை பள்ளிக்கூடம் நடத்தியது. மந்தையில் பிறந்த மான்களுக்குத் தாயே எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடும். மந்தை இல்லாத முயலும் சருகுமானும் இந்தப் பள்ளிக்குத்தான் வரவேண்டும்.

அங்கே கிழங்கு தோண்டக் கற்றுக்கொடுத்தார்கள். அதோடு எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாடம் உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அதில் என்ன வாசனை வருகிறது, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று கடமான் சொல்லிக் கொடுக்கும்.

அந்த வருஷம் மழை இல்லை. பள்ளியில் தீனியும் தீர்ந்தது. நாரை, தீனி சேர்த்து வைத்திருந்த கரடியிடம் போய் நின்றது.

"தருகிறேன்! எனக்குக் கிழங்கு தோண்ட ஆள் வேண்டும். பாடத்தை முடிக்கிறவர்களுக்குத் தீனி என் பொறுப்பு" என்றது கரடி. "ஆமாம், காற்றுப் பாடத்தை யார் யார் முடித்தார்கள்?"

"அதை யாரும் முடிப்பதில்லை, கரடியாரே! காற்று தினமும் மாறுமே!"

"முடியாத பாடத்துக்கு நான் எதற்குப் படியளக்க வேண்டும்?"

நாரை திரும்பி வந்தது. "கடமானக்கா, நாளையிலிருந்து நீங்கள் வரவேண்டாம்."

"தீ வந்தால் இதுகள் என்ன செய்யும்?"

"தீ வரும்வரை பசியில் யார் பிழைத்திருப்பார்கள், சொல்லுங்கள்!"

கடமான் மலையேறிப் போய்விட்டது.

புதிதாகக் குட்டி ஈன்றிருந்த சருகுமானுக்குச் சந்தோஷம். "தொல்லை விட்டது! மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றால் என் குட்டிக்குப் பால் சுரக்குமா?" என்று முயலிடம் சொல்லிச் சிரித்தது. தோண்டுவதில் அதை யாரும் மிஞ்ச முடியவில்லை. தீனி கிடைத்தது, பால் சுரந்தது, குட்டியும் தேறியது.

கோடையில் மூங்கில் புதர் பற்றிக்கொண்டது. புகை கண்ணை மறைத்தபோதுதான் சருகுமான் குழியிலிருந்து தலையைத் தூக்கியது.

"முயலே, எந்தப் பக்கம் ஓடுவது?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே பள்ளியில் முதல்!"

காற்றோடு ஓடுவது காலுக்குச் சுலபமாக இருந்தது. அதனால் சருகுமான் காற்றோடே ஓடியது. தீயும் காற்றோடே வந்தது.

"அம்மா, மூச்சு முட்டுது!"

"வா கண்ணு, நிற்காதே!"

தீ எட்டாத ஒரு பாறையைத் தொட்டதும் சருகுமான் திரும்பிப் பார்த்தது. பின்னால் குட்டி இல்லை.

தீ அணைந்த பிறகு கரடி வந்தது. "அடப் பாவமே!" என்றது. பிறகு தரையைக் காலால் கிளறிப் பார்த்தது. "வெந்த மண் தோண்டச் சுலபம். எப்போது ஆரம்பிக்கலாம்?"

சருகுமானுக்குப் பசித்தது. அது சாம்பலில் முன்னங்காலை ஊன்றித் தோண்டத் தொடங்கியது.

படியளக்கிறவனுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக் கொடுக்கும் பள்ளி, பிள்ளைகளை அவனுக்காக வளர்க்குமே தவிர, அவர்கள் பிழைப்பதற்காக வளர்க்காது.