மூங்கில் வாயடைத்த கதை

அந்தக் காலத்தில் மரமும் செடியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அவற்றில் மூங்கில்தான் பெரிய வாயாடி. மலைக்காரர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் இருந்தது. பெண் குழந்தை பிறந்ததும் தேனை நொதிக்கவைத்துத் தேறல் ஆக்கி, உயிரோடு நிற்கும் மூங்கிலைத் துளைத்து உள்ளே ஊற்றி, மெழுகால் அடைத்துவிடுவார்கள். பெண்ணோடு சேர்ந்து தேறலும் வளரும். கல்யாணத்தன்று அதைத் திறந்து, முதல் குவளையைப் பெண் குடித்த பிறகுதான் மாப்பிள்ளைக்கும் ஊருக்கும் ஊற்றுவார்கள். முற்றியிருக்கிறதா, கெட்டுவிட்டதா என்பதை மூங்கிலே சொல்லிவிடும்.

சடையனுக்கு இது பிடிக்கவில்லை. அவன்தான் அந்த மலைக்கு ருசி பார்க்கிறவன். நாக்கு என்றால் அப்படி ஒரு நாக்கு. குவளையை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடுவான்; ஒரு சொட்டை நாக்கில் உருட்டுவான்; துப்பிவிட்டு, இது நாவல் பூத்த காலத்துத் தேன், இதில் காட்டுத்தீயின் புகை ஏறியிருக்கிறது என்பான். ஒரு நாளும் விழுங்கமாட்டான். விழுங்கினால் நாக்கு மழுங்கிவிடும் என்று பெருமை பேசுவான். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஊர்க்காரர்கள் மூங்கிலைத் திரும்பிப் பார்த்து, அப்படியா என்று விசாரிப்பார்கள். அதில்தான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

அவனுடைய ஒரே மகள் மயிலிக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாயில்லாப் பெண். அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். அவளுடைய தேறலைப்போல் இந்த மலை கண்டதில்லை என்று ஊர் சொல்ல வேண்டும். அதுவும் தன் நாக்கை நம்பிச் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று காலையில் தனியாகப் போய், மெழுகைக் கீறி ஒரு சொட்டு எடுத்தான். தேன், புகை, மழையில் நனைந்த மண், எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிய கசப்பு. அப்படி ஒரு கசப்பை அவன் அதுவரை அறிந்ததில்லை. துப்பிவிட்டுப் பூரித்துப்போனான்.

"சடையா, குடுத்துராத," என்றது மூங்கில். "கண்வலிக்கிழங்கு எம் வேரச் சுத்திக்கிடுச்சு. அந்த விஷம் உள்ள எறங்கிருச்சு."

அது வயது ஏறிய கசப்பு, உனக்கென்ன தெரியும் என்றான் சடையன். மூங்கில் விடவில்லை, ஊரைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறேன் என்றது. கல்யாண நாளும் அதுவுமாக எல்லார் முன்னாலும் தோற்றுப்போவதா? சடையன் தேறலைக் குடத்தில் இறக்கிக்கொண்டு, களிமண்ணைப் பிசைந்து மூங்கிலின் வாயில் திணித்து, குச்சியால் குத்தி இறுக்கினான். மூங்கிலைக் கேட்டாயா என்று ஊரார் கேட்டபோது, நல்லதென்று சொன்னது என்றான்.

மயிலி ஒரு வாய் குடித்துவிட்டு அப்பாவின் பக்கம் சாய்ந்தாள்.

"கசக்குதுப்பா."

"அது வயசோட ருசி, தாயி. முழுசாக் குடி."

அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவள் குடித்து முடித்து, குவளையைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தாள். மாப்பிள்ளைக்கு ஊற்றுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

சடையன் மூங்கிலிடம் ஓடி, நகம் பிய்யக் களிமண்ணைத் தோண்டி எடுத்தான். என்னைத் திட்டு, சபித்துவிடு என்று கெஞ்சினான். மூங்கில் பேசவில்லை. காற்று வந்தபோது முனகியது, அவ்வளவுதான். ஊராரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மிச்சத் தேறலைக் குடித்துவிடக் குடத்தைத் தூக்கினான். மாப்பிள்ளையின் தகப்பன் அதைப் பிடுங்கி மண்ணில் கொட்டினார்.

"நீ இருந்து பாரு," என்றார்.

அன்று முதல்தான் மூங்கில் காற்றில் முனகுகிறதே தவிர பேசுவதில்லை. அந்த மலையில் ருசி பார்க்கிறவன் துப்புவதும் இல்லை. கல்யாணத்தன்று காலையில் முதல் குவளையை அவனே விழுங்கிவிட்டு, எல்லார் கண்ணெதிரிலும் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறான். அதுவரை எந்த வீட்டிலும் பெண்ணுக்கு ஊற்றுவதில்லை.