இருளாயி விட்டுத்தராத கரை

'ம்' கொட்டிக்கிட்டே வரணும், சரியா? நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு கண்மாய். சின்னக் கண்மாய் இல்ல, அக்கரையில மேயுற மாடு இங்கருந்து பார்த்தா ஆடு மாதிரி தெரியும், அம்புட்டுப் பெருசு. தண்ணிக்குள்ளயே கருவேல மரமா நிக்கும். ஐப்பசி மழை சோன்னு பெஞ்சதும் நாரை, கொக்கு, கூழைக்கடான்னு எங்கெங்கருந்தோ பறவைங்க வரும். கூடு கட்டி, முட்டையிட்டு, பங்குனியில குஞ்சுகளோட கிளம்பிரும்.

அதனால அந்த ஊர்ல தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் கிடையாது. பொண்ணு மாப்பிள்ளைய கூட்டிக்கிட்டு கப்சிப்னு நடந்து போவாங்க. பிள்ளை பெத்தவ படுத்திருக்கிற வீட்டுல சத்தம் போடுவமா? அப்படித்தான்.

அங்க இருளாயின்னு ஒருத்தி, ஆடு மேய்க்கிறவ. மரத்துலருந்து குஞ்சு விழுந்தா முந்தானையில முடிஞ்சுக்கிட்டு ஏறி, கூட்டுல விட்டுட்டுத்தான் இறங்குவா. முள்ளு கிழிச்சாலும் சரித்தான்.

ம்? முழிச்சிருக்கியா?

அப்புறம், டவுன்லருந்து ஒரு பெரிய மனுஷன் புர்ருன்னு காருல வந்தாரு. கரைமேட்டுல இருபது பங்களா கட்டப்போறாராம். யாரு குடியிருக்கன்னு கேட்டா, யாருமில்ல, லீவுக்கு வந்து நாலு நாள் இருந்துட்டுப் போறவங்களுக்காம். நாலு நாளுக்கு ஒரு வீடு. எனக்குச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது. ஆனா கரை ஊர்ப்பொது. ஊர் கூடி கையைத் தூக்குனாத்தான் ஆகும்.

மொதத் தடவை ஊர் கூடுச்சு. கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தாரேன்னாரு. எல்லாரும் யோசிச்சாங்க. அப்போ இருளாயி எந்திரிச்சு, வெளிச்சமும் பாட்டுமா இருந்தா ஒரு பறவை தங்காது, நான் சம்மதிக்க மாட்டேன்னு சொல்லிட்டா. ஒருத்தி சொல்லுக்காக அன்னிக்குக் கூட்டம் கலைஞ்சுது.

ரெண்டாந்தடவை வீட்டுக்கு ஒரு ஆளுக்கு வேலைன்னாரு. அம்புட்டுதான், பாதி ஊர் அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. இருளாயியோட கொழுந்தனே அவகிட்டப் பேச்சை நிறுத்திட்டான். அவ ஆடுகளை ஓட்டிக்கிட்டுப் போயி கரைமேட்டுலயே உட்காந்துட்டா. வெயிலு அடிச்சுது, மழை பெஞ்சுது, ம்ஹூம், எந்திரிக்கல.

மூணாந்தடவை? அவரு கேட்கவே இல்ல. ஊரு எப்படியும் தலையாட்டிரும்னு, இருளாயி ஆடு குட்டி போடுதுன்னு வீட்டுக்குப் போன நாளாப் பார்த்து பூமி பூஜை போட்டுட்டாரு. தை மாசம், கூட்டுல முட்டையும் குஞ்சுமா இருக்கிற நேரம். ஊர்க்காரங்களும் போய் நின்னாங்க. வெடி போடாதீங்கன்னு ஒருத்தரும் அவர்கிட்டச் சொல்லல. வேணும்னு செஞ்சது இல்ல, தங்கம். அந்த ஊர்ல அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டி இருந்ததே இல்ல, அதான் தோணல.

படபடபடபட... டமார்.

அப்போ அம்புட்டுப் பறவையும் சடசடன்னு மேல கிளம்புச்சு. முட்டையும் குஞ்சுமா பொத்து பொத்துன்னு தண்ணியில விழுந்துச்சு. ரெண்டு சுத்து சுத்துச்சுங்க, அப்புறம் போயிருச்சுங்க. இருளாயி ஓடி வந்து, இடுப்புத் தண்ணியில இறங்கி, குஞ்சுகளைப் பொறுக்குனா. கொழுந்தன்தான் மொதல்ல அவ பின்னாடி இறங்குனான்.

மறுநாள் அந்தப் பெரிய மனுஷன் ஊரைக் கூட்டுனாரு. எனக்கும் வருத்தந்தான், ஆனா பறவைதான் போயிருச்சே, இனிமே கட்டுறதுல யாருக்கு என்ன இடைஞ்சல்னு கேட்டாரு. நியாயம் மாதிரித்தான் இருக்கு, இல்ல?

இருளாயி மெதுவாத்தான் கேட்டா.

"எம் புள்ளைங்க மூணும் பொழைக்கத் திருப்பூருக்குப் போயிருக்குங்க. ஆளில்லையேன்னு அதுங்க வீட்டை வித்துப்புடலாமாய்யா?"

அந்த ஊர்ல வெளியூருக்கு ஆள் போகாத வீடே கிடையாது. சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்கன்னாங்க. ஒத்தக் கை மேல வரல. காரு வந்த வழியே போயிருச்சு.

அப்புறமா? அடுத்த வருஷம் மழை பெஞ்சுது, பறவை வரல. ஆனாலும் தீபாவளிக்கு யாரும் வெடி போடல. அதுக்கடுத்த வருஷமும் வரல, அப்பவும் போடல. மூணாவது வருஷம் ஒரு காலையில ஒத்த நாரை வந்து மரத்துல உட்காந்துச்சு, வாயில ஒரு குச்சியோட. ஊரே கரையில வந்து நின்னுச்சு. ஒருத்தரும் சத்தம் போடல. வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க.

கதை கூடு சேந்துருச்சு, கண்ணை மூடு.